குழாய்க்குள் ஒரு மலை

கொடைக்கானலில் ஒரு வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்க வருகிறவர், ரெஞ்சை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வீட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வருகிறது? சமவெளியில் இந்தக் கேள்விக்கு வேலை குறைவு. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் மொட்டை மாடியில் ஒரு தொட்டி இருக்கும். மூன்று மீட்டர் கீழே குளியலறைக் குழாய். தெரு முழுக்க ஏறக்குறைய ஒரே கணக்குதான். பழனி மலையில் இரண்டு பக்கத்து வீடுகளுக்குக்கூட கணக்கு வேறு. வட்டக்கானல், பள்ளங்கி, பூம்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் கருப்பு ஓஸ் பைப்புகள் கொத்துக் கொத்தாக ஓடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் சரிவில் எங்கோ மேலே இருக்கிற ஓர் ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ ஒரு வீட்டுக்கோ தோட்டத்துக்கோ இறங்குகிறது. நகராட்சித் தண்ணீர் வாங்கும் வீடுகளிலும் இதே நிலைதான். ஏரிக்கரை வீட்டில் பீச்சியடிக்கும் அதே நேரத்தில் மேட்டுத் தெரு வீட்டில் நூலாக ஒழுகும்.

உயரம்தான் அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை வீதம் அழுத்துகிறது. பிளம்பர்கள் இதைச் சுருக்கமாக ‘ஒரு கிலோ பிரஷர்’ என்பார்கள். பி.வி.சி. குழாயின் மேல் 4, 6, 10 என்று அச்சிட்டிருப்பதும் இந்தக் கிலோதான்: அந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. மாடித் தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே உள்ள குழாயில் 0.3 கிலோ. அறுபது மீட்டர் மேலே உள்ள ஊற்றிலிருந்து நேராக இறங்கும் குழாயில் 6 கிலோ. இருபது மடங்கு. ஆனால் கடையில் வாங்கும் குழாயும் வாஷரும் ஃப்ளஷ் டேங்கின் மிதவை வால்வும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றேதான்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. பெரிய பைப் போட்டால் பிரஷர் கூடும் என்று நம்புகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் தண்ணீருக்குக் குழாயின் அகலம் ஒரு பொருட்டே இல்லை. அரை இஞ்ச் குழாயிலும் இரண்டு இஞ்ச் குழாயிலும், உயரம் ஒன்றானால் அழுத்தமும் ஒன்றுதான். அகலம் கணக்கில் வருவது தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு. அப்போது குழாயின் உட்சுவர் உராய்ந்து அழுத்தத்தைத் தின்கிறது. இந்த உராய்வு மிகக் கொடூரமானது: அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் இழப்பு ஏறக்குறைய 32 மடங்கு. அதனால்தான் அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊற்றிலிருந்து அரை இஞ்ச் ஓஸில் இறக்கிய வீட்டில், மூடிய குழாயில் 6 கிலோ நிற்கும், திறந்தால் நூலாக வரும்.

இதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். குழாயைத் திறந்ததும் முதல் ஓரிரு வினாடி வேகமாகப் பீறிட்டு, பிறகு தளர்ந்துவிட்டால், உயரம் போதுமான அளவு இருக்கிறது. வழியில்தான் அடைப்பு, அல்லது குழாய் குறுகல். சல்லடையைக் கழற்றிப் பாருங்கள், பாதி மூடிய கேட் வால்வைத் தேடுங்கள். முதல் கணத்திலிருந்தே சோர்ந்து வந்தால் உயரம் போதவில்லை, அல்லது குழாய்க்குள் காற்று மாட்டியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மோட்டார் வாங்குவது பணத்துக்குக் கேடு.

அழுத்தம் அதிகமான வீட்டில் முதலில் அடிவாங்குவது வாஷர். பழைய திருகுக் குழாய்க்குள், ஸ்பிண்டிலின் அடியில் ஒரு சிறு ரப்பர் வட்டு இருக்கும். குழாயை மூடும்போது அது பித்தளை இருக்கையின் மேல் அமர்ந்து தண்ணீரை மறிக்கிறது. அந்தத் துளையின் பரப்பு ஒன்றரை சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 0.3 கிலோ அழுத்தத்தில் வாஷரைத் தள்ளும் விசை அரைக் கிலோகூட இல்லை. 6 கிலோவில் எட்டுக் கிலோ. அதை மறிக்க நாம் கைப்பிடியை இன்னும் இறுக்குகிறோம். வாஷரில் வட்டமாகப் பள்ளம் விழுகிறது. பிறகு சொட்டு.

மாற்றுவது பத்து நிமிட வேலை. வீட்டுக்கு வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினால் வாஷர் கையில் வந்துவிடும். ஆனால் புதுசைப் போடுவதற்கு முன் சுண்டுவிரலை உள்ளே விட்டு அந்தப் பித்தளை இருக்கையைச் சுற்றித் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் நகம் சிக்குகிற மாதிரி ஒரு கோடு தட்டுப்பட்டால், அங்கேதான் வினை. சொட்டும் குழாயில் தண்ணீர் மயிரிழைச் சந்து வழியே மிகுந்த வேகத்தில் பாய்கிறது. மழைக்காலத்தில் அதில் நுண்மணலும் சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் விட்டால் பித்தளையிலேயே வாய்க்கால் வெட்டிவிடும். அதன் பிறகு எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டு நிற்காது; சீட் கட்டரால் இருக்கையைச் சமப்படுத்த வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும். சொட்டை அன்றே நிறுத்தச் சொல்வதற்குத் தண்ணீர்ச் சிக்கனம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். சிக்கனமும் சிறிதல்ல: வினாடிக்கு ஒரு பெரிய சொட்டு என்றால் ஒரு நாளில் சுமார் இருபது லிட்டர். சீசன் மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அது ஒரு ஆள் குளிக்கும் தண்ணீர்.

ஃப்ளஷ் டேங்கின் கசிவு இதைவிட மோசம், சத்தமே கேட்காது. டேங்கில் நாலு துளி சொட்டு நீலம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கீழே பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது.

உயர அழுத்தத்தின் அடுத்த வெளிப்பாடு சுவருக்குள்ளிருந்து வரும் ‘டொம்’ என்ற இடி. கால் திருப்பில் மூடும் புதுவகைக் குழாய்களில் இது அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் சட்டென்று நிறுத்தப்படும்போது, பின்னால் வரும் தண்ணீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி, அழுத்த அலை ஒன்று குழாய் வழியே திரும்பிப் பாய்கிறது. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி உடைந்ததை ஆராய்ந்த நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கி 1890-களின் இறுதியில் இதன் கணக்கைக் கண்டுபிடித்தார். அழுத்த உயர்வு இரண்டையே பொறுத்தது: தண்ணீரின் வேகம், அந்த அலை குழாயில் பயணிக்கும் வேகம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை ஜி.ஐ. குழாயில் சட்டென்று மறித்தால் 12 கிலோவுக்கு மேல் அழுத்தம் எகிறும். பி.வி.சி.யில் 4 கிலோ. கருப்பு ஓஸில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் குழாயே விரிந்துகொடுத்து அலையை மெதுவாக்குகிறது. ஏற்கெனவே 6 கிலோ நிற்கும் பழைய இரும்புக் குழாயில் இது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். மருந்து எளிது. மெதுவாக மூடுங்கள், ஆடும் குழாயைக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணையுங்கள், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள்.

கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுவதும் பெரும்பாலும் இதே கதைதான். தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. மலையில் உள்ளே வரும் தண்ணீர் 15 டிகிரி. அதை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் பதினைந்து லிட்டர் கீசரில் கால் லிட்டருக்கும் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் இடம் தேடும். அது அந்த வால்வு வழியே சொட்டுவது இயல்பு. இரவும் பகலும் விடாமல் சொட்டினால் மேலிருந்து வரும் அழுத்தம் அளவுக்கு மீறியிருக்கிறது என்று பொருள். அதை எம்-சீல் வைத்து அடைப்பதைப் போல ஆபத்தான காரியம் குழாய் வேலையில் வேறு கிடையாது. வெளியேற வழியில்லாத வெந்நீர் தொட்டியையே கிழிக்கும். அழுத்தத்தைக் குறையுங்கள், வால்வைத் தொடாதீர்கள்.

மலைவீட்டுக் குழாய் வெடிப்பது பெரும்பாலும் ராத்திரியில்தான். பகலில் அக்கம்பக்கத்தில் யாராவது தண்ணீர் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்; ஓட்டத்தின் உராய்வு அழுத்தத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடும். ராத்திரி எல்லாக் குழாயும் மூடியபின் முழு உயரத்தின் எடையும் அடிக்குழாயில் வந்து நிற்கிறது. வெடித்த குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளவு நீளவாக்கில் இருக்கிறதா, குறுக்காக இருக்கிறதா? உள்ளழுத்தம் ஒரு குழாயின் சுவரை நீளவாக்கில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு விசையோடு சுற்றுவாக்கில் இழுக்கிறது. ஆகவே அழுத்தத்தால் வெடித்த குழாய் நீளவாக்கில் பிளக்கும். குறுக்கே முறிந்திருந்தால் மண் சரிந்திருக்கலாம், வண்டி ஏறியிருக்கலாம், கொடைக்கானலில் காட்டுமாடு மிதித்திருக்கலாம். இணைப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தால் ஒட்டிய வேலை சரியில்லை. நீளப் பிளவை மட்டும் வெட்டி எறிந்து கப்ளிங் போடுவதால் பயனில்லை. அடுத்த வாரம் இரண்டடி தள்ளிப் பிளக்கும்.

அதற்கு நல்ல தீர்வு நடுவழியில் ஒரு தொட்டி. பொறியாளர்கள் இதை பிரேக் பிரஷர் டேங்க் என்பார்கள். அறுபது மீட்டர் இறக்கத்தில் முப்பதாவது மீட்டரில் ஒரு சின்னத் தொட்டி, அதன் வாயில் ஒரு மிதவை வால்வு. தண்ணீர் அந்தத் தொட்டியில் விழுந்து காற்றைப் பார்த்த கணத்தில் அதுவரை சேர்ந்த அழுத்தமெல்லாம் பூஜ்யமாகிவிடும். அங்கிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். கீழ்வீட்டில் 6 கிலோவுக்குப் பதில் 3 கிலோ. தொட்டியை இறுக மூடிவிடக் கூடாது, மேலே காற்று புக வழி வேண்டும். அதுதான் அதன் உயிர். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தடித்த குழாய் வாங்குவதைவிட இந்த இருநூறு லிட்டர் தொட்டி மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி காற்று. மேல்மலைக் கிராமங்களில் கோடைதோறும் கேட்கிற சொல் ‘ஏர் பிடிச்சிருச்சு’. ஊற்றில் தண்ணீர் இருக்கிறது. ஓஸ் எங்கும் உடையவில்லை. வீடு ஊற்றைவிடத் தாழ்வில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்ற விதியே பொய்த்துப்போனதைப் போலத் தோன்றும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஊற்று வீட்டைவிட ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் ஓஸ் மூன்று சிறு மேடுகளை ஏறி இறங்குகிறது. எல்லா மேடுகளும் ஊற்றைவிடத் தாழ்ந்தவைதான். காலியாகக் கிடந்த ஓஸில் தண்ணீர் விட்டால் அது முதல் பள்ளத்தில் நிறைந்து, மேட்டில் ஏறி, அப்பால் வழிந்து அடுத்த பள்ளத்தை நிரப்புகிறது. அப்படி நிரம்பும்போது முதல் மேட்டின் இறங்குபக்கத்தில் இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே சிறைப்படுகிறது. இப்போது அந்த மேட்டின் ஏறுபக்கம் தண்ணீர், இறங்குபக்கம் காற்று. குழாய் முழுக்கத் தண்ணீராக இருந்தால், ஏறும்போது செலவான அழுத்தம் இறங்கும்போது அப்படியே திரும்பக் கிடைக்கும். தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்றின் எடை ஒன்றுமே இல்லை, அது எதையும் திருப்பித் தராது. ஒரு மேட்டில் இரண்டு மீட்டர் உயரத்துக்குக் காற்று நின்றால் இரண்டு மீட்டர் அழுத்தம் போனது போனதுதான். மூன்று மேட்டிலும் இரண்டிரண்டு மீட்டர் என்றால் ஆறு. கையில் இருப்பது ஐந்து. ஓட்டம் நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்ய மூன்று வழி. மேடுகளின் உச்சியில் ஒரு டீ போட்டு, சிறு குழாய் ஒன்றைப் பொருத்தலாம். தண்ணீர் விடும்போது ஊற்றுக்குப் பக்கத்து மேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து, சீறல் அடங்கித் தண்ணீர் வந்ததும் மூட வேண்டும். அல்லது வீட்டுத் தொட்டியிலிருந்து மோட்டாரால் கீழ்முனை வழியாகவே தண்ணீரை ஏற்றலாம். நிரம்பி வரும் தண்ணீர் காற்றை மேல்நோக்கித் தள்ளி ஊற்றில் கொப்பளிக்கவிடும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது, ஓஸ் போடும்போதே ஏறி இறங்காமல் ஒரே வாட்டத்தில் சரிவைச் சுற்றிக்கொண்டு போவது. ஐம்பது மீட்டர் ஓஸ் கூடுதலாகச் செலவாகும். அடுத்த பத்து வருடக் கோடைக்கு நிம்மதி. ஊற்றில் முழுகியிருக்கும் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே, சல்லடையோடு இருக்க வேண்டும். கோடையில் ஊற்று வற்றி மட்டம் இறங்கும்போது, வாய் பாதி வெளியே தெரிந்து காற்றைக் குடிக்கத் தொடங்குகிறது. ஏர் பிடிப்பது கோடை நோயாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் மேடு ஊற்றைவிடவே உயரமாக இருந்தால் கதை தலைகீழ். அங்கே துளையிட்டால் காற்று வெளியேறாது, உள்ளே புகும். அந்த உச்சியில் தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. முழுக் குழாயும் உறிஞ்சும் சைஃபனாகத்தான் வேலை செய்கிறது. அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரை வெளியிலிருந்து அமுக்கும் காற்று. இங்கேதான் மலை தன் இரண்டாவது கணக்கைக் காட்டுகிறது.

உறிஞ்சு பம்பு ஏறக்குறைய பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்காது என்பது கலிலியோ காலத்திலேயே தெரிந்திருந்தது. காரணம் காற்றின் எடை என்று டோரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயை வைத்துக் காட்டினார். அப்படியானால் மலைமேல் காற்று குறைவு, அங்கே பாதரசம் இறங்க வேண்டுமே என்று பாஸ்கல் யோசித்தார். அவருக்காக அவரது மைத்துனர் புளோரின் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் பூய் டி டோம் மலையில் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதரசம் இறங்கியது. அந்த மலையின் உயரம் 1,465 மீட்டர். கொடைக்கானல் அதைவிட உயரம்: சுமார் 2,100 மீட்டர். கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும் காற்று இங்கே சுமார் 8 மீட்டரைத்தான் தாங்கும். குழாயின் உராய்வு, ஃபுட் வால்வின் தடை, பம்பு தனக்கென்று கேட்கும் மிச்ச அழுத்தம் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஐந்து மீட்டருக்குப் பக்கம்.

திண்டுக்கல்லில் ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து சுகமாக உறிஞ்சிய அதே மோட்டாரைக் கொடைக்கானல் தோட்டத்துக் கிணற்றில் பொருத்தினால் அது இரைந்துகொண்டே நிற்கும், தண்ணீர் ஏறாது. பிரைமிங் செய்து பார்ப்பார்கள், ஃபுட் வால்வை மாற்றுவார்கள், காயில் போச்சு என்று கழற்றுவார்கள். மோட்டாரில் பழுதே இருக்காது. அதைக் கிணற்றுக்குள் ஒரு மேடை கட்டித் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வையுங்கள், அல்லது நீர்மூழ்கி மோட்டார் போடுங்கள். உறிஞ்சுவதற்குத்தான் காற்று எல்லை வகுக்கிறது. தள்ளுவதற்கு அந்த எல்லை இல்லை.

காற்று குழாயில் இன்னொரு வேடமும் போடும். நீண்ட குழாயில் அழுத்தத்தோடு வந்த குளிர்ந்த தண்ணீரைப் பிடித்தால் சில சமயம் பால் மாதிரி வெளுத்திருக்கும். பிளீச்சிங் பவுடர் அதிகம் என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது கரைந்திருந்த காற்று நுண்குமிழிகளாகப் பிரிவது. ஒரு கெடுதலும் இல்லை. மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் ஏதாவது படிந்தால் அது மண்; தொட்டியைக் கழுவ வேண்டிய நேரம்.

டிசம்பர், ஜனவரியில் வானம் வெளுத்த இரவுகளில் ஏரிக்கரையிலும் பிரையண்ட் பூங்காவிலும் மன்னவனூர்ப் புல்வெளியிலும் உறைபனி விழும். காற்றைவிடத் தரைப்புல் அதிகம் குளிர்கிறது, ஏனென்றால் அது தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே மேட்டு வீட்டைவிடப் பள்ளத்துப் புல்லில் கிடக்கும் மெல்லிய ஓஸுக்குத்தான் ஆபத்து. உறையும் நீர் ஒன்பது சதவீதம் விரிகிறது. கருப்பு ஓஸ் கொஞ்சம் விரிந்துகொடுத்துத் தப்பிக்கும், பி.வி.சி. எல்போவும் பித்தளைக் குழாயும் விரிசல் விடும். ஒரு சாண் ஆழம் புதைத்தால் போதும், இங்குள்ள குளிர் அவ்வளவு ஆழம் இறங்காது. காலையில் தண்ணீர் வரவில்லையென்றால் தீப்பந்தம் காட்ட வேண்டாம். வீட்டுக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருங்கள்.

மலைக் குழாய் பெரும்பாலும் கருப்பாக இருப்பதற்கும் வெயிலே காரணம். ஓஸின் பிளாஸ்டிக்கில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கரித்தூள் கலந்திருக்கிறார்கள். புற ஊதாக் கதிரை அது தடுத்துக்கொள்கிறது. உயரம் ஏற ஏற அந்தக் கதிர் வலுக்கும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் வீதம். வெள்ளை பி.வி.சி.யை வெளியில் விட்டால் சில ஆண்டுகளில் மொறுமொறுத்துவிடும். புதைக்க முடியாவிட்டால் பெயிண்ட் அடியுங்கள்.

பி.வி.சி.யை ஒட்டும் பேஸ்ட்டும் சமவெளியை மனதில் வைத்துச் செய்தது. அதில் இருக்கும் கரைப்பான் இரண்டு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு ஆவியாக வேண்டும். குளிரிலும் மூடுபனி ஈரத்திலும் அந்த ஆவியாதல் மந்தம். கீழே ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விடலாம் என்றால், இங்கே ஒரு ராத்திரி விடுவது நல்லது. முனையைத் துணியால் காயத் துடைத்து, உள்ளும் புறமும் தடவி, செருகிக் கால் திருப்புத் திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். விட்டால் குழாய் தானே பின்னுக்கு நழுவும். திருகு இணைப்புகளில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றியது இறுக்கும்போதே உரிந்து வந்துவிடும்.

கீழ்நாட்டு ஆழ்துளைத் தண்ணீர் கீசர் கம்பியில் சுண்ணாம்பாகப் படியும். பழனி மலையின் பாறை சார்னோகைட்டும் நைஸும். அதன்மேல் சோலைக்காட்டின் மட்கு. அங்கே ஊறும் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு, லேசான அமிலத்தன்மை உண்டு. படியாது, அரிக்கும். ஜி.ஐ. குழாயில் காலை முதல் தண்ணீர் செம்பட்டையாக வருவது ராத்திரி முழுக்க நின்று துருவைக் கரைத்ததால்தான். அந்த அரை வாளியைச் செடிக்கு ஊற்றுங்கள். கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி, தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைவதற்கென்று வைத்தது. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் தொட்டி ஓட்டையாகாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு 1859-இல் காட்ரின் ஏரியிலிருந்து இதே போன்ற மென்னீரைக் கொண்டுவந்தார்கள். அது வீடுகளின் ஈயக் குழாயைக் கரைத்தது. பிற்காலத்தில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்த்துத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். உங்களுடையது வெள்ளைக்காரர் காலத்து பங்களாவாக இருந்தால் பழைய குழாயை ஒரு முறை கத்தியால் கீறிப் பாருங்கள். மிருதுவாகக் கீறுப்பட்டு வெள்ளியாக மின்னி, காந்தமும் ஒட்டவில்லையென்றால் அது ஈயம். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குழாயை அகற்றுங்கள்.

சமையலறைத் தொட்டி அடைப்பு இங்கே அதிகம், அதற்கும் குளிரே காரணம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கொடைக்கானலில் அது பாட்டிலுக்குள்ளேயே வெண்மையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நெய்யும் வனஸ்பதியும் அப்படித்தான். பாத்திரம் கழுவிய எண்ணெய் குழாயின் முதல் வளைவிலேயே உறைந்து, சோற்றுப் பருக்கையைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. இளகிவிடும். கை பொறுக்காத சூடு, சுமார் 60 டிகிரி, போதும். அதோடு பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், பிறகு ரப்பர் கப்பால் இழுத்து அமுக்குங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவும் வீட்டில் இந்தத் தொல்லையே வராது.

கடைசியாக, சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடுகள். கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தால் குழாய் உடைந்துவிட்டதென்று தரையைப் பெயர்க்க வேண்டாம். கழிவுக் குழாயின் வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தடுப்பு. லண்டன் கடிகாரத் தொழிலாளர் அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்பு ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். பூட்டிப் போகும்போது அதன்மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

அப்படிப்பட்ட வீட்டில் தண்ணீர் திறப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வீட்டின் மிக உயரத்தில் உள்ள குழாயையும் கீசரின் வெந்நீர்க் குழாயையும் திறந்து வைத்துவிட்டு, வெளி வால்வைக் கால் திருப்பு மட்டும் திறவுங்கள். காற்று சீறி வெளியேறட்டும். துப்பித் துப்பி வந்து, பிறகு சீராக ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மூடிவிட்டு, வெளி வால்வை முழுக்கத் திறக்கலாம். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீசர் சுவிட்சைப் போட வேண்டும். தொட்டி நிரம்பாமல் போட்டால் சில நிமிடங்களிலேயே கம்பி கருகிவிடும், புதுக் கம்பி வாங்க வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ மலையிறங்க வேண்டிவரலாம்.